சாய்தளத்தில் ஒரு மீன்கடை

தெருவில் யார் நடக்கலாம், யார் உட்காரலாம் என்று எல்லோரையும் கேட்டுத் திட்டம் போடுவது என் தொழில். கேட்காமல் போட்டால் ஒருத்தர் திட்டுவார், கேட்டுப் போட்டால் தெருவே திட்டும். மைக்கும் கையுமாகக் கூட்டம் நடத்திப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும். பெசன்ட் நகரில் ஒரு தெருவுக்கு நடைபாதை போட்டபோது பட்டது இது.

பத்து மணிக் கூட்டம்

'அனைத்துத் தரப்பினரும் வருக' என்று நோட்டீஸ் ஒட்டி, காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் ரிட்டயர் ஆனவர்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராகவன் சார் எழுந்து, "ஆத்துல ஜன்னலைத் திறக்க முடியலை, தெருமுனையில மீன் விக்கறதை நிறுத்தணும்" என்றார். பலத்த கைதட்டல்.

தெருமுனையில் மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா வரவே இல்லை. கூட்டம் முடிந்ததும் நானே போய், ஏன் வரவில்லை என்று கேட்டேன். வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"ஏவாரம் நடக்குற நேரத்துல கூட்டம் போட்டுட்டு, ஏன் வரலன்னு கேக்குறியே நைனா, உனுக்கே நாயமா கீதா?"

மஞ்சள் ஸ்டிக்கர்

அடுத்த கூட்டம் சாயங்காலம். தெருவின் வரைபடத்தை மேஜையில் விரித்து ஸ்டிக்கர் கொடுத்தோம். மரம் வேண்டிய இடத்தில் பச்சை, குப்பைத்தொட்டிக்குச் சிவப்பு, தெருக்கடைக்கு மஞ்சள். பெரிய பெரிய புத்தகங்களில் இருக்கிற முறை. எல்லோரும் பச்சையைத் தங்கள் வீட்டு வாசலிலும், சிவப்பைப் பக்கத்து வீட்டு வாசலிலும் ஒட்டினார்கள். மஞ்சளை மட்டும் ஒற்றுமையாகத் தெருவைத் தாண்டிக் கொண்டுபோய்க் கடலில் ஒட்டியிருந்தார்கள்.

இந்த முறை ஸ்டெல்லா வந்திருந்தார். அவருக்கு அந்த முனைதான் சோறு, மகளின் காலேஜ் படிப்பு, எல்லாம். வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மீனு கடல்லதான் கீதுன்னு எனக்குத் தெரியும் சார். அத்த வாங்குற ஜனம் எங்க கீது, அத்தச் சொல்லு."

இரண்டு நிமிஷம்

கடைசியில் ஸ்டெல்லாவைப் பின்சந்தில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் உட்காரச் சொன்னோம். திட்டத்தில் அதற்கு 'மாதிரி விற்பனைப் பகுதி' என்று பெயர். அங்கே நாயும் வரவில்லை. காலியான முனையில், சக்கர நாற்காலி ஏறுவதற்கு அழகாக ஒரு சாய்தளம் கட்டினோம். பக்கவாதம் வந்த தன் மனைவியைத் தினமும் பிசியோதெரபிக்குத் தள்ளிக்கொண்டு போகிற ராகவன் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

மறுநாளே சாய்தளத்தை மறித்து ஒரு கார். நாற்காலியில் மாமி, பின்னால் ராகவன் சார், பக்கத்தில் நான். கண்ணாடியைத் தட்டினோம். டிரைவர் இறக்கினார்.

"ரெண்டே நிமிஷம் சார். வண்டி ஏத்தறதுக்குத்தானே சரிவா போட்டிருக்கீங்க? நல்ல வேலை."

புரட்டாசி

பின்சந்தில் வியாபாரம் படுத்துவிட, ஸ்டெல்லா யாரையும் கேட்காமல் பழைய முனைக்கே வந்துவிட்டார். சாய்தளத்தின் வாயில் கூடை; மீன் கழுவின தண்ணீர் ரோட்டில். அதன் பிறகு ஒரு கார்கூட அங்கே நிற்கவில்லை. நாற்காலி வந்தால் கூடையை நகர்த்துவார். மாமி ஏறிப் போவார். ராகவன் சார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தள்ளுவார். புகார் மட்டும் நின்றுவிட்டது.

புரட்டாசி பிறந்தது. மீன் வாங்க ஆளில்லாமல் ஸ்டெல்லா வீட்டோடு இருந்துவிட்டார். கார்கள் திரும்ப வந்தன. மாமிக்குப் பிசியோதெரபி தடைபட்டது. ராகவன் சார் என்னையும் இழுத்துக்கொண்டு குப்பத்துக்கே போனார்.

"நன்னா எழுந்து நிக்க ஆரம்பிச்சவ, இப்ப மறுபடி படுக்கையில கிடக்கா. வந்து உக்காரும்மா. இந்த மாசம் மட்டும் பூ வேணா வியேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"பூ வெச்சா காரு நிக்கும் அய்யரே. கவிச்சிக்குத்தான் அவன் பயப்படுறான்" என்றார் ஸ்டெல்லா. "நான் வரேன். ஆனா புரட்டாசி போனாலும் அந்த எடம் என்னுதுதான். சங்கத்துல நீயே சொல்லணும்."

ராகவன் சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சொல்றேன், நான்தானே செயலாளர்! நாளைக்குக் காலம்பற வந்துடு. மீன் கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்."

மரம், விளக்கு, சாய்தளம் எல்லாம் நாங்கள்தான் போட்டோம். அதில் நாற்காலி ஏறுவதற்குப் புரட்டாசியிலும் மீன் தேவைப்பட்டது என்பதை அறிக்கையில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.