வாயில் பழம்பொரி உள்ளவரை

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலையோரமாக ஒரு சாயாக்கடை இருக்கிறது. ஐ.டி. பிள்ளைகள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டு நின்றபடியே தின்னும் கடை. போன வாரம் மழைக்கு அங்கே ஒதுங்கினேன். வாணலியிலிருந்து பழம்பொரி வாசனை வந்தது. நேந்திரம்பழத்தைக் கீறி மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டால் முதலில் ஒரு இனிப்பு வாசனை, பின்னாலேயே லேசாகக் கருகும் வாசனை வருமே, அதுதான். உங்களுக்கென்றால் பசித்திருக்கும். எனக்கு, நம்பினால் நம்புங்கள், பயம் வந்தது. நான் எடுத்த படத்தில் யாரோ குறை சொல்லப் போகிறார்கள் என்கிற பழைய பயம்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து நான் திருவனந்தபுரம் வந்தது பெரிய கதை இல்லை. ரயில் நின்றது, இறங்கினேன். ஓட்டலில் இலை எடுத்தேன். லாரியில் கிளீனராகப் போனேன். சலித்தபோது திரும்பி வந்தேன். கடைசியில் பழவங்காடியில் ஒரு கலர் லேபில் ஃபோட்டோ பிரிண்ட் வெட்டும் வேலை கிடைத்தது. படுக்கை கடைக்குள்ளேயே, மருந்து நெடிக்கு மூக்கு பழகிவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்த யாரோ திரும்பி வராததால் அனாதையாகக் கிடந்த கேமரா ஒன்றை முதலாளி என் தலையில் கட்டினார். அதன் வழியாகப் பார்த்தால் உலகமே கொஞ்சம் சரிவு. என் படங்களில் கிழக்கேகோட்டை தெற்கே சாய்ந்து நிற்கும். அது என் ஸ்டைல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

லேபுக்கு பிரிண்ட் வாங்க வந்த மூன்று பேர் என்னைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். பாத்திரக்கடையில் கணக்கு எழுதும் சுப்பையா அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர். பாறசாலைப் பக்கத்துப் புஷ்பம் டீச்சர், சர்ச்சில் பாடிப் பாடிக் கனத்த தொண்டை. ஆட்டோ ஓட்டும் சஜீவ், மலையாளி. எங்களோடு பழகி அவன் மலையாளம் கெட்டது, அவனோடு பழகி எங்கள் தமிழ் கெட்டது. ஞாயிறு காலையில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சாயாக்கடை மாடியில் அந்த வாரம் எடுத்த படங்களோடு கூடுவோம். சிதறு தேங்காய் உடையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அண்ணாச்சியிடம் ஒரு பழக்கம். தன் படத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் காரணம் தயாராக இருக்கும். மேகம் மறைத்துவிட்டது, பஸ்காரன் ஹாரன் அடித்துவிட்டான், ஆடு அசைந்துவிட்டது. ஒரு நாள் டீச்சர் பொறுமை இழந்து தட்டிலிருந்த பழம்பொரி ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"இதத் தின்னுங்க அண்ணாச்சி. தின்னு முடியது வர நாங்க பேசுவோம். நீங்க வாயத் தொறக்கப்பிடாது."

அன்றிலிருந்து அதுவே சட்டமாயிற்று. யார் படம் மேஜையில் இருக்கிறதோ அவர் வாயில் பழம்பொரி. மற்றவர்கள் முதலில் படத்தில் என்ன பார்த்தோம் என்று சொல்ல வேண்டும், பிறகு எதை மாற்றலாம் என்று. 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொல்லி நழுவுகிறவன் தன் பங்குப் பழம்பொரியைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பல ஞாயிறுகளில் எனக்குக் காலைச் சாப்பாடே அதுதான். ஆகவே நான் ஒருநாளும் யார் படத்தையும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை.

என் முதல் படம், பஸ் ஸ்டாண்டுக் கூட்டம். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒனக்க படத்துல எல்லாம் உண்டு. இதுல நீ பாத்தது எது டேய்?" வாய் நிறையப் பழம். நல்லவேளை.

இதையெல்லாம் சொல்வது காந்திமதி மதினி வந்த ஞாயிற்றுக்கிழமைக்காக. மதினி அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சி எடுத்த தன் படம் ஒன்றுகூட மதினிக்குப் பிடித்ததில்லை. அலமாரியில் கவிழ்த்து வைத்துவிடுவார். இந்தத் தடவை கறாராகச் சொல்லியிருந்தார். இதுவும் சரியில்லை என்றால் இனி அந்த மிஷினைத் தன் பக்கம் திருப்பவே கூடாது. நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று தானே வந்து கேட்கப் போகிறாராம். அண்ணாச்சி மாடிப்படியில் என் தோளைப் பிடித்தார். "நல்லதா ரெண்டு வார்த்த சொல்லுங்கடே. இல்லன்னா என் கேமராவுக்கு ஆளே கெடையாது."

மதினி உட்கார்ந்ததும் மேஜையிலிருந்த பொடியைக் கையால் ஒதுக்கினார், பேப்பரை மடித்தார், சாய்ந்திருந்த தம்ளரை நிமிர்த்தினார். "வீட்ல தோசக்கல்லு காஞ்சிட்டுக் கெடக்கு. இங்க வந்து எண்ணெய்ப் பலகாரம் திங்கீங்க, என்ன?"

படத்தை வைத்தோம். பட்டுச்சேலை, ஜன்னலோரம், நிமிர்த்திய முகம். அண்ணாச்சி பழம்பொரியைக் கடித்தார்.

சஜீவ் முதல் ஆள். "கொள்ளாம் சேச்சி. நல்ல படமாணு."

டீச்சர் அவன் தட்டை என் பக்கம் தள்ளினார். "மலையாளத்துல சொன்னாலும் சட்டம் சட்டந்தான்."

ஆனால் தன் முறை வந்தபோது டீச்சரே தடுமாறினார். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிறது என்றார், சேலை மின்னுகிறது என்றார், இருமினார். சர்ச்சின் கடைசி பெஞ்சு வரை போகும் குரல், மேஜையைத் தாண்டவில்லை.

அடுத்தது நான். அண்ணாச்சியின் கண் என்னைக் கெஞ்சியது. எதிரே ரெண்டு பழம்பொரி. பசியா நேர்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, சொல்லிவிட்டேன்.

"முகம், வராத பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு அண்ணாச்சி."

கீழே ஒரு தேங்காய் உடைந்தது. அண்ணாச்சி மெல்லுவதை நிறுத்திவிட்டார். மதினி படத்தை எடுத்துக் கிட்டே வைத்துப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அசையாத அசையாதன்னா பின்ன எப்பிடி இருக்கும்? சரி, இங்க பாருங்க. என் கையெல்லாம் எங்க?"

அப்போதுதான் பார்த்தோம். முழங்கைக்குக் கீழே படமே இல்லை. அண்ணாச்சி காரணம் சொல்ல வாயைத் திறந்தார்.

"தின்னுட்டுப் பேசுங்க," என்றார் மதினி.

அண்ணாச்சி விழுங்கினார், தண்ணீர் குடித்தார். மேகம் வரவில்லை, பஸ் வரவில்லை, ஆடு வரவில்லை. "கைய விட்டுட்டேன்," என்றார். அவ்வளவுதான். மதினி படத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"அடுத்தாப்ல கையோட எடுங்க. ஆனா என்ன உக்காரச் சொல்லப்பிடாது."

அடுத்த படம் வந்தது. மதினி முருங்கைக்கீரை உருவுகிறார், யாரையோ ஏசிக்கொண்டிருக்கிறார், கை அசைந்ததில் கலங்கித் தெரிகிறது. "மேல அந்தக் காலண்டர் என்னத்துக்கு?" என்று அதிலும் டீச்சர் குறை பிடித்தார். அண்ணாச்சி வாய் நிறையப் பழத்தோடு தலையாட்டினார். காலண்டரும் கீரையுமாக அந்தப் படம் அவர்கள் முன்னறையில் தொங்கியது. மாட்டியது மதினி.

பிறகு ஃபிலிம் போயிற்று, லேப் போயிற்று, நானும் கோயம்புத்தூர், சூரத் என்று போனேன். திரும்பி வந்தபோது அந்த மாடியில் மொபைல் உறை விற்றார்கள். அண்ணாச்சியும் மதினியும் மகளோடு பெங்களூரில். டீச்சர் மகனோடு துபாயில். சஜீவ் எங்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தான். அதில் முகம் தெரியாத ஆட்கள் எத்தனையோ பேர்.

போன வாரம் கழக்கூட்டத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற பிள்ளைகளைப் படம் எடுத்து அதில் போட்டேன். ஒரு பழம்பொரி வாங்கி, பழைய சட்டப்படி மெதுவாகத் தின்றேன். ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கட்டைவிரல், பூ, நெருப்பு. சஜீவ், 'கொள்ளாம்'. அண்ணாச்சி, 'சூப்பர்'. டீச்சரிடமிருந்துகூட ஒரு கும்பிடு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெற்கே சாய்ந்திருந்தது. பழம்பொரி தீர்ந்துவிட்டது. இனி நான் பேசலாம். பதில் சொல்லத்தான் ஒரு குறையும் வந்திருக்கவில்லை.