இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிணம்

காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டில் எங்கள் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்துச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். எங்கள் சீட்டில் ‘கொலை மர்மம்’ என்று எழுதியிருந்தது. முழுப் படம் வேண்டாம், ஒரு குறும்படத்தின் முதல் இரண்டு நிமிடம் போதும். விதிகள் மூன்று. யாராவது இறந்திருக்க வேண்டும். கொன்றது யார் என்று தெரியக் கூடாது. ரத்தம் காட்டக் கூடாது. மூன்றாவது விதி அந்த ஆண்டு புதிதாகச் சேர்க்கப்பட்டது. முந்தைய ஆண்டு மாணவர்கள் வகுப்பறைச் சுவரில் விட்டுப்போன தக்காளிச் சாற்றுக் கறை அப்போதும் அங்கேயே இருந்தது.

குழுவில் மூன்று பேர். இயக்குநர், பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியின் ஒரே மகன். கேமராக்காரன் மேலப்பாளையத்துக்காரன். சவூதியிலிருந்து அவன் வாப்பா கொண்டுவந்த கேமராவை முன்னிட்டே அவனைக் குழுவில் சேர்த்தோம். மூன்றாவது ஆள் நான். அப்போது ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குப் பகுதிநேரமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். யார், எங்கே, எப்போது என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் அலுவலகத்திலிருந்து போன் வரும். அதனால் திட்டத் தாள் எழுதும் வேலை எனக்கு வந்தது.

எனக்கும் கேமராக்காரனுக்கும் இது வெறும் மதிப்பெண். இயக்குநருக்கு அப்படி இல்லை. சென்னையில் திரைப்படப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அவன் படிவம் வாங்கி வைத்திருந்தான். அதில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். அவன் அப்பாவுக்குப் பரீட்சை முடிந்த மறுநாளே மகன் கடைக்கு வந்துவிட வேண்டும். வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்து, கடைசியில் அவர் கொஞ்சம் இறங்கிவந்தார். “ஞாயித்துக்கிழம உன் ரெண்டு நிமிஷக் கதையச் சொல்லு. உருப்படியா இருந்தா கையெழுத்துப் போடுதேன். இல்லைன்னா போல்ட்டு நட்டு எண்ணப் படி.”

முதல் சிக்கல் பிணம். இயக்குநர் எழுதிய முதல் காட்சியில் விடியற்காலையில் ஆற்றுப் படித்துறையில் ஒரு உடல் கிடக்கிறது. உடலாகக் கிடக்க ஆள் இல்லை. கேமராக்காரன் முதலிலேயே கையெடுத்துக் கும்பிட்டான்.

“எங்க உம்மாக்கு நான் ஒத்த மவன்லே. மவுத்தா படுத்தேன்னு தெரிஞ்சா உண்மையிலயே ஆக்கிருவா.”

வகுப்பில் பதினொரு பேரைக் கேட்டேன். ஒன்பது பேர் வீட்டில் திட்டுவார்கள் என்றார்கள். ஒருவன் வசனம் உண்டா என்று கேட்டான். இன்னொருவன் கொலைகாரனாக வேண்டுமானால் வருகிறேன் என்றான். கடைசியில் இயக்குநரே படுப்பதாக முடிவானது.

ஒரு புதன்கிழமை காலை ஆறே காலுக்குக் குறுக்குத்துறையில் ஒத்திகை பார்த்தோம். தாமிரபரணியில் தண்ணீர் மூன்றாவது படிவரை இருந்தது. இயக்குநர் இரண்டாவது படியில் தலையும் தண்ணீரில் காலுமாகப் படுத்தான். கேமராக்காரன் எதிர்ப்பக்கப் பாறையில் நின்றான். பத்தடி தள்ளிக் குளித்துக்கொண்டிருந்த பெரியவர் சோப்பு நுரையோடு திரும்பினார்.

“தம்பிக்கு என்னடே ஆச்சு?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி, செத்துட்டான்” என்றேன். கேட்டால் உள்ளதைச் சொல்லிப் பழக்கம்.

“செத்தா நீ என்னலே சிரிச்சிக்கிட்டு நிக்க?”

நான் விளக்குவதற்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் இயக்குநரைக் குப்புறப் புரட்டினார். இன்னொருவர் முதுகில் ஏறி அமுக்கத் தொடங்கினார். “தண்ணி ரொம்பக் குடிச்சிருக்கான், பைய அமுக்குங்க, நெஞ்சுக்கூடு உடைஞ்சிரப் போவுது” என்று மூன்றாமவர் மேற்பார்வை பார்த்தார். நான்காமவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். பிணம், “யய்யா, கூசுது, விடுங்க” என்று கத்திக்கொண்டு எழுந்தது. விஷயம் தெரிந்ததும் நால்வரும் முறைவைத்துத் திட்டினார்கள். திட்டி முடித்த பெரியவர், “நனைஞ்சது நனைஞ்சிட்ட, சோப்பு போட்டுக் குளிச்சிட்டுப் போ” என்று தன் சோப்பை நீட்டினார். பிணம் கிடந்த நேரம் நாற்பது விநாடி என்று குறித்துக்கொண்டேன்.

இந்த ஊரில் ஒரு பிணத்தை இரண்டு நிமிடம் சும்மா கிடக்க விடமாட்டார்கள் என்பது தெளிவாகிவிட்டது. திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றபோது கேமராக்காரன் எதிர்ச் சுவரைக் காட்டினான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அரை அங்குலத் தடிமனுக்கு ஒட்டியிருந்தன.

“எங்க ஏரியால மவுத்துன்னா பள்ளிவாசல் மைக்ல சொல்லிருவாவ. உங்க ஆட்களுக்குத்தான் சுவரு பூரா போஸ்டரு. பொணத்த எதுக்குலே காட்டணும்? போஸ்டரக் காட்டு, முடிஞ்சிது.”

அரை மணி நேரத்தில் காட்சி உருவானது. டீக்கடை. ஒருவர் டீ குடித்தபடி சுவரில் புதிதாக ஒட்டிய அஞ்சலி போஸ்டரைப் படிக்கிறார். போஸ்டரில் இருப்பவர் தடித்த பழுப்பு ஃபிரேம் கண்ணாடி போட்டிருக்கிறார். படிப்பவர் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து அதே கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு போகிறார். அவ்வளவுதான். இப்போது நினைத்தாலும் அது மோசமான யோசனை இல்லை.

போஸ்டருக்குப் படம் வேண்டும். உயிரோடு இருக்கும் எவரும் அதற்குப் படம் தரமாட்டார்கள் என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இயக்குநர் வீட்டிலிருந்து பழைய கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டான். கேமராக்காரன் படம் எடுத்து, வயதைக் கூட்டும் செயலி ஒன்றில் ஏற்றி, அறுபது ஆக்கினான். தலை நரைத்தது, கன்னம் தொங்கியது, கண்ணுக்குக் கீழே பை விழுந்தது. மூவரும் பார்த்துச் சிரித்தோம். கேமராக்காரனும் நானும் அவன் அப்பாவை அதுவரை பார்த்ததில்லை. தினமும் பார்க்கும் மகனுக்கோ அது தன் முகமாகத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேட்டையிலேயே ஓர் அச்சகத்துக்குப் போனோம். குறும்படம் என்று சொல்ல வேண்டாம் என முன்பே முடிவு செய்திருந்தோம். சொன்ன இடத்திலெல்லாம் எங்களை உட்காரவைத்து அரை மணி நேரம் அவர்கள் கதை சொன்னார்கள். அச்சக அண்ணாச்சி திரையில் படத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற இயக்குநரைப் பார்த்தார்.

“அப்பாவா தம்பி?”

இயக்குநர் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவனும் ஆட்டினான்.

“உக்காருங்கய்யா” என்று அவர் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பினார். பிறகு விவரம் கேட்டார். பெயர், வயது, இறுதி ஊர்வலம் எங்கிருந்து, எத்தனை மணிக்கு. எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன். பெயர் நாங்களே கட்டியது. அந்தப் பெயரில் பேட்டையில் யாரும் இல்லை என்று நான் இரண்டு இடத்தில் விசாரித்து உறுதி செய்திருந்தேன். நேரம் மாலை நான்கு. இடம் பேட்டை மெயின் ரோடு இல்லம். இடமும் நேரமும் இல்லாத அறிவிப்பு அறிவிப்பே இல்லை என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். இரண்டு பிரதி போதும் என்றோம். ஐம்பதுக்குக் குறைந்து அடிப்பதில்லை என்றார். சரி, காலையில் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று வந்துவிட்டோம்.

சாவு போஸ்டரை வீட்டுக்காரர்கள் வந்து எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கும் இல்லை. சாவு வீட்டில் அதற்கு யாருக்கு நேரம்? அச்சகத்திலேயே ஒட்டுகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அஞ்சலிச் செய்தி எழுதிக்கொண்டிருந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலை எட்டரைக்குப் போனபோது மேசையில் இரண்டே இரண்டு போஸ்டர் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“மிச்சம்?” என்றான் இயக்குநர்.

“விடியுமுன்ன ஒட்டியாச்சு தம்பி. தொழிற்பேட்டை வாசல்லருந்து மார்க்கெட் வரைக்கும். நீங்க இங்கன ஏன் அலையுதிய? வீட்டுல அம்மா கூட இருங்க.”

முதல் போஸ்டரைப் பேருந்து நிறுத்தத்தில் கிழிக்கப் போனோம். பூக்கார அம்மா ஒருத்தி, “செத்தவரு படத்தக் கிழிக்கியளே, நீங்கள்லாம் வெளங்குவியளா?” என்று வாளித் தண்ணீரை ஓங்கினார். இரண்டாவது போஸ்டரின் அடியில் ஒரு பட்டறைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். அவர் பக்கத்து ஆளிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

“நேத்துகூட வெல்டிங் ராடு குடுத்தாருவே. பேரத்தான் தப்பா அடிச்சிருக்கானுவ.”

இயக்குநர் போஸ்டரையே பார்த்தபடி நின்றான். கண்ணாடி, தொங்கிய கன்னம், கண்ணுக்குக் கீழே பை. “ஏலே, இது எங்கப்பால்லா!” என்றான்.

அவன் வீட்டுக்கு ஓடினோம். வாசலில் ஒரு மினி லாரி. பந்தல்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். கடையில் சாமான் வாங்கும் எந்தப் பட்டறையோ முந்திக்கொண்டு ஏற்பாடு செய்திருந்தது. படியில் லுங்கியும் துண்டுமாக, வாயில் பல் துலக்கும் பிரஷுடன், இயக்குநரின் அப்பா நின்றிருந்தார். நான் அவரை முதல்முறை பார்த்தேன். செயலி நன்றாகவே வேலை செய்திருந்தது.

“நான் நாக்காலி கேக்கலவே” என்றார்.

“இருக்கட்டும் அண்ணாச்சி, நீங்க ஒதுங்குங்க” என்றார் பந்தல்காரர். அவர் அதுவரை போஸ்டரைப் பார்க்கவில்லை. “வீட்டுல பெரிய மனுசரு யாரும் இருக்காவளா?”

“நாந்தான்வே பெரிய மனுசன்.”

“அப்ப தவறிப்போனது?”

“அதத்தான நானும் கேக்குதேன்!”

அப்போது எதிர்ச்சாரி இரும்புக் கடைக்காரர் வந்தார். இரண்டு கடைக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. கையில் ஆள் உயர ரோஜா மாலை. அதைப் பாதி தூக்கியவர், படியில் நின்றவரைப் பார்த்து அப்படியே நின்றார். மாலையை மேலும் தூக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.

“நீரு நல்லாத்தான்வே இருக்கீரு” என்றார், கொஞ்சம் குறைப்பட்ட குரலில்.

“மன்னிக்கணும். உமக்கு அலைச்சல்” என்றார் அப்பா.

நாங்கள் மூவரும் முன்னால் போய் நின்றோம். இயக்குநர் எல்லாவற்றையும் சொன்னான். சீட்டு, படித்துறை, கண்ணாடி, அச்சகம். அப்பா வாய் கொப்பளித்துவிட்டு வந்து இறக்கிய நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். மடித்த போஸ்டரைப் பிரித்து நெடுநேரம் பார்த்தார்.

“இது என் கண்ணாடில்லா. ஆறு மாசமா தேடுதேன்” என்றார். “எனக்கு கண்ணுக்குக் கீழ இவ்வளவு பை கிடையாது.”

“உங்களுக்கு இதவிடக் கூடுதல்” என்றார் உள்ளிருந்து வந்த இயக்குநரின் அம்மா. பிறகு மகனைப் பார்த்து, “மூதி, தாலி கட்டுனவர சுவத்துல ஒட்டிட்டு வந்து நிக்கியே” என்றார்.

அப்பா போஸ்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சரி, அந்த டீக்கடக்காரன் கண்ணாடிய எப்படி எடுத்தான்? அவந்தான் கொன்னானா?”

“டீக்கடக்காரன் இல்லப்பா, டீ குடிக்க வந்தவன்.”

“அவந்தான் கொன்னானா?”

“அது இன்னும் முடிவு பண்ணல. எங்களுக்கு மொத ரெண்டு நிமிஷந்தான் கேட்டாவ.”

அவர் அன்று உண்மையில் கோபப்பட்டது அப்போதுதான். “கொன்னவன் யாருன்னே தெரியாம ஒரு ஆளக் கொன்னுருக்கியேலே! நாப்பத்தெட்டு இடத்துல ஒட்டிருக்கு. கேக்கவன்ட்ட நான் என்ன பதில் சொல்ல?”

எண்ணிக்கை சரியாக இருந்தது. எனக்கு அவர்மீது மரியாதை வந்தது.

பந்தல்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பந்தல்காரந்தான் அண்ணாச்சி. தொழில் மந்தம். ஆளு செத்தாத்தான் நாக்காலி போவும்.”

“பந்தல்காரன் கண்ணாடிய எடுக்க மாட்டான்வே, அவனுக்கெதுக்கு?” என்றார் அப்பா.

“எதிர்த்த கடக்காரன்னு வச்சா?” என்று கேமராக்காரன் ஆரம்பித்து, மாலையோடு நிற்பவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அவர் மாலையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். “வைங்க. என்ன கெட்டுப் போச்சு? ஆனா நான்னா கண்ணாடிய எடுக்க மாட்டேன். கடச் சாவியத்தான் எடுப்பேன்.”

“அது சரி” என்றார் அப்பா. “கண்ணாடி வேண்டாம்லே, சாவின்னு வை.”

துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அம்மா காபி கொண்டுவந்தார். பதினோரு மணிக்குள் ஒன்பது கொலைகாரர்கள் கிடைத்தார்கள். எல்லாவற்றையும் நான் எழுதிக்கொண்டேன். அப்பா எட்டுப் பேரைக் காரணம் சொல்லித் தள்ளினார். ஒன்பதாவது ஆளைப் பற்றி, “இவன இன்னும் விசாரிக்கணும்” என்றார். அன்று கடை திறக்கவில்லை.

கூட்டம் குறைந்தபோது இயக்குநர் உள்ளே போய்ப் படிவத்தை எடுத்துவந்து நீட்டினான். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அப்பா அதை இரண்டு பக்கமும் படித்தார். பிறகு எதிர்க்கடைக்காரரிடம் திரும்பினார்.

“ஏன்வே, செத்தவன் கையெழுத்துப் போட்டாச் செல்லுமா?”

“செல்லாது. சர்க்கார்ல கேட்டா வம்பு.”

“அப்ப இவன அவன் அம்மாட்ட வாங்கிக்கிடச் சொல்லும்” என்று படிவத்தை மகன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்பதாவது கொலைகாரன் அன்றைக்கு எங்கே இருந்தான் என்று பந்தல்காரரிடம் கேட்கத் தொடங்கினார்.

அம்மா அடுக்களையிலிருந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, எங்கே போட வேண்டும் என்று கேட்டார். நான் கட்டத்தைக் காட்டினேன். இவ்வளவு சின்ன இடத்தில் எப்படிப் போடுவது என்று முணுமுணுத்தபடி முழுப் பெயரையும் எழுதினார். கடைசி மூன்று எழுத்து கட்டத்தைத் தாண்டி, ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்ற இடத்தில் போய் விழுந்தது.