நான்கு பழைய போல்ட்டுகள்

நான் கொடுத்தவை பழைய போல்ட்டுகள். புதியவை என்று பொய் சொல்லிக் கொடுத்தேன். காகிதத்தில் சுற்றிய அந்த நான்கையும் மெக்கானிக் நானா என் கையிலிருந்து வாங்கிக்கொண்ட கணம் இந்த வயதிலும் என்னை விடவில்லை.

1930களில் கண்டியில் ஒரு பஸ் முதலாளியின் கராஜில் நான் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்தேன். ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்ற கர்வம் உண்டு. அந்த முஸ்லிம் மெக்கானிக்கை, அண்ணன் என்ற பொருளில், எல்லோரும் நானா என்போம்; அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் போல்ட்டை மறுபடி பூட்டலாம், எதைக் கழிக்க வேண்டும் என்பதில் அவர் சொல்தான் முடிவு. அச்சை ஸ்பிரிங்கோடு இறுக்கிப் பிடிக்கும் வளைந்த போல்ட்டுகளை ஒரு தடவை கழற்றினால் அதோடு சரி. "இழுபட்ட இரும்பு தம்பி, இனி புடிக்காது" என்பார். வேறு யாரும் எடுத்துப் பூட்டிவிடக் கூடாதென்று, கழித்தவற்றின் திருகு மரையைச் சுத்தியலால் ஒரே அடியில் நசுக்கிவிடுவார்.

அன்று வெள்ளிக்கிழமை. புசல்லாவைக்கு ஓடும் பஸ்ஸின் போல்ட்டுகளைக் கழற்றி, நசுக்க நேரமில்லாமல் தட்டில் போட்டுவிட்டு நானா ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பின்னேரம் பஸ் ஓட வேண்டும். களஞ்சியத்தில் புதியவை இல்லை; கொழும்புக்கு எழுத நான் மறந்திருந்தேன். முதலாளியின் வாய்க்குப் பயந்து, அந்தப் பழையவற்றையே மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் பூசிச் சுற்றிவைத்தேன்.

திரும்பி வந்தவர் தட்டைப் பார்த்தார். "பழசு எங்க தம்பி?"

"நானே எறிஞ்சிட்டேன் நானா."

"படிச்ச புள்ளயும் வேல பழகிட்டுது!" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள், இறக்கத்தில் போல்ட் முறிந்து அச்சு விலகி, பஸ் மண்மேட்டில் மோதியது. சாரதியின் கால் முறிந்தது. முறிந்த துண்டைக் காட்டி, "பழசையா பூட்டினாய்?" என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். நானா என்னைப் பார்த்தார். "நான் புதுசுதான் குடுத்தேன்" என்றேன். புதியதை அவர் விற்றுவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அன்றே அவரை விலக்கினார்கள்.

இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. தெல்தெனியவில் அவர் போட்டிருந்த சிறு பட்டறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கி அன்டைக்கே தெரியும்" என்றார். "பூட்டக்குள்ளயே கை செல்லிச்சு, இது பழசு என்டு. நான் ஒங்கட வாய நம்பினேன்."

"மன்னிச்சிருங்க நானா."

"என்னட்ட செல்லி என்னத்துக்கு? என்னக் கள்ளன் என்டு செல்லக் கேட்டவங்களுக்கு முன்னால போய்ச் செல்லுங்க."

மறுநாள் கராஜில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். வேலை போயிற்று. முதலாளி நானாவைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார், அவர் வரவில்லை.

பின்னொரு நாள் அவரைப் பார்க்கப் போனேன். கடையிலிருந்து வந்த புத்தம் புதிய பொதியொன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு போல்ட்டின் மரையையும் நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கராஜில் அவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. நான் நிற்பதைக் கண்டு தலையசைத்தார். பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.