தூசுக்கு ஜொரம் வருமா

வசந்தாக்கா போய்ட்டாங்க. நிமோனியா.

நெல்லிவாசல் பக்கம் வீடு வீடா போய் ஜுரம் பார்க்கிற வேலையில என்கூட ஆறு வருஷம் நடந்தவங்க. போன மாசம் இதே நிமோனியா ஊரைப் பிடிச்சப்ப, பதினோரு பேரை மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கினாங்க. பதினோரு பேரும் உயிரோட இருக்காங்க...

இது புளி உடைக்கிற சீசன். புளி ஓட்டுத் தூசுல மலையே இருமும். இருமலை அங்க யாரும் வியாதியா நினைக்கிறதே இல்ல.

அக்கா மட்டும் நெத்தியில கை வச்சுப் பார்ப்பாங்க. "தூசுதான்க்கா"ன்னு யாராவது சொன்னா அவ்ளோதான்... "தூசுக்கு ஜொரம் வருமாடா?"

அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தர் காளி அண்ணன். சுகர், கூடவே பீடி. மூச்சு வாங்குது, ஆனா ஜீப்ல ஏற மாட்டேங்கிறார். "நாளைக்கு வர்றேன்"னார்.

அக்கா அவர் சம்சாரத்தைப் பார்த்து, "நாளைக்குன்னா தூக்க நாலு பேரு வேணும். இப்பவே சொல்லி வை"ன்னாங்க. அந்தம்மா அழுதுட்டாங்க. ஆள் ஏறிட்டார்.

இன்னாக்கா இப்படிப் பேசறீங்கன்னு சண்டை போட்டேன். "ஊசி இன்னிக்கு போட்டா ஆளு, நாளைக்கு போட்டா பொணம். அழுதா அழட்டும்"னு அடுத்த வூட்டுக்குப் போய்ட்டாங்க.

போன வாரம் நான் திருப்பத்தூர்ல டிரெய்னிங்ல இருந்தேன். திங்கக்கிழமை காலையில அக்கா போன்.

"ரெண்டு நாளா இருமலு... நெஞ்சு குத்துது. இன்னா பண்றதுன்னு தெர்ல."

அக்காவுக்கும் சுகர். எனக்கு நல்லாத் தெரியும்.

கிளாஸ் ஆரம்பிக்கிற அவசரம். "புளி தூசா இருக்கும்க்கா. வெந்நீர் குடிங்க, வெள்ளிக்கிழமை நானே வர்றேன்"னேன்.

"சரி, போய்ட்டு வா"ன்னாங்க. ஊர்ல ஒருத்தர் பேச்சையும் நம்பாதவங்க, என் பேச்சை நம்பிட்டாங்க.

வியாழக்கிழமை மூச்சு விட முடியாம இறக்கியிருக்காங்க. ஊசி, ஆக்சிஜன், எல்லாம் பார்த்திருக்காங்க. ரெண்டு நாள் முன்னாடி ஏன் கூட்டிட்டு வரலன்னு டாக்டர் அவங்க பொண்ணைக் கேட்டாராம்.

"கூட வேலை செய்றவங்க தூசுன்னு சொன்னாங்க சார்"னு அவ சொல்லியிருக்கா. என் முகத்துக்கு நேராவும் சொன்னா. பொய் இல்லையே.

நேத்து அடக்கம். தூக்கின நாலு பேர்ல காளி அண்ணனும் ஒருத்தர். ஒரு தடவைகூட இருமல.

கமெண்ட்ல எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேணாம்.

ஜொரம் இருக்கான்னு நான் ஒரு வார்த்தை கேக்கலையேக்கா...

போய்ட்டு வாங்க.