ஹெட்போனின் இடப்பக்கம்

ஹெட்போன் மெத்தையின் கறுப்பு ரெக்சின் செதில் செதிலாக உதிரும். காதோரத்தில், கன்னத்தில், ஒருநாள் சோற்றில்கூட. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. கன்னடம் பேசும் பொம்மசந்திராவில் வாடகை வீடு. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை நான் வீட்டிலிருந்தே கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நின்றுவிடுவார். தலையில் ஹெட்போன். எங்கள் வீட்டு வாடகை என் காது வழியாகத்தான் வந்தது.

சில மாதங்களாக அந்தக் குரல்கள் தண்ணீர் கலந்த பால் மாதிரி ஆகிவிட்டன. தெருவில் போகும் லாரி டாக்டரின் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பதினைந்து மில்லிகிராமா, ஐம்பதா? மிதித்தேன், மிதித்தேன், ஒரே வரியைத் தேயத் தேய மிதித்தேன். பிழைகள் கூடுகின்றன, இப்படியே போனால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். மெத்தை தேய்ந்துபோய் வெளிச்சத்தம் உள்ளே வருகிறது, அவ்வளவுதான் என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவுகட்டினோம்.

அவருக்கு வேலை பிரஸ் ஷாப்பில். நாள் முழுக்க இரும்புத் தகட்டை மெஷின் அடிக்கும். அந்தச் சத்தத்தோடு வீட்டுக்கு வருவார். கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். இந்த வீட்டில் யாருக்காவது காது போயிருந்தால் அது அவருக்குத்தான் என்பது எங்களுக்குள் பழைய கேலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாக்கிங் ஸ்பாஞ்சும் கத்தரிக்கோலுமாகத் தரையில் உட்கார்ந்தோம். டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு அவர் ஸ்பாஞ்சை வெட்டினார். வேர்வை உறிஞ்சட்டும் என்று என் பழைய ஜாக்கெட்டின் லைனிங் துணியில் நான் உறை தைத்தேன். விளிம்பில் எலாஸ்டிக். ஸ்பூனின் பின்பக்கத்தால் நெம்பி நெம்பி அதை ஹெட்போனின் வட்டத்தில் மாட்டினோம். முயல்குட்டி மாதிரி இரண்டு மெத்தைகள்.

அவர்தான் முதலில் மாட்டிப் பார்த்தார். பெடலைக் கையால் அழுத்திவிட்டு, இடது பக்கம் வரவில்லை என்றார்.

"ஆமா, உங்க காதுக்கு எந்தப் பக்கம் வந்துச்சு? குடுங்க இப்படி."

மாட்டினேன். அடடா. டாக்டர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு, அவர் புரட்டும் காகிதம், எல்லாம். ரெண்டு பக்கமும் அருமையாக வருகிறது என்றேன். வீட்டுக்காரர் விடவில்லை. வாங்கி, இடம் வலம் மாற்றித் தலையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப வலது காதுல வரல. அப்ப கோளாறு என் காதுல இல்லம்மா. ஸ்பீக்கர்ல."

ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே இடப்பக்க ஒயர் அறுந்து கிடந்தது. செம்பின் முனை பச்சை பூத்திருந்தது. அவர் அதை விரலில் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தார். இது இன்று நேற்று அறுந்ததில்லை என்றார். பிறகு ஸ்க்ரூவை முடுக்கி, அதே மாற்றின வாக்கில், ஹெட்போனை என் தலையில் வைத்தார். சத்தம் வரும் பக்கம் இப்போது என் இடது காதில்.

காத்திருந்தேன்.

"மிதிங்க" என்றேன்.

"மிதிச்சிட்டுதான் இருக்கேன்."

அவர் கை பெடலின்மேல் அழுந்தியிருந்தது. திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் பேசிக்கொண்டிருந்தார், என்னைத் தவிர எல்லாருக்கும்.

அதன்பின் எனக்கு ஒரே நினைப்பு. இந்த வேலை ஒரு காதைத் தின்றுவிட்டது, இன்னொன்றையும் தின்னும். அவர் லீவு போட்டார். ரிச்சர்ட்ஸ் டவுனில் தமிழ் பேசும் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனோம். கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறையில் என்னை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள். வலது காதுக்கு என் விரல் துள்ளித் துள்ளி அழுத்தியது. இடது காதுக்கு விரல் பொத்தான்மேல் சும்மா படுத்திருந்தது.

"சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?"

வந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பில், ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கி.

"அப்பவே போயிருக்கும்மா. இந்த வேலையால இல்ல. வலது காது நல்லா இருக்கு. சவுண்ட கொறச்சு வெச்சு வேலைய பாரு."

வீட்டுக்காரர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வேலை பிழைத்தது, வாடகை பிழைத்தது. நான்தான் நாற்காலியிலிருந்து எழவில்லை. காது போய்விட்டது என்று அழத் தயாராக வந்தவளுக்கு, அது இருந்த நினைவே இல்லை. போனை வலது காதில் வைப்பதும், பஸ்ஸில் இடப்பக்கச் சன்னலோரத்துக்கு முண்டுவதும் என் குணம் என்றல்லவா நினைத்திருந்தேன். சந்தையில் யாராவது கூப்பிட்டால் ஒரு முழுச்சுற்று சுற்றித் தேடுவேன். எல்லாரும் அப்படித்தான் தேடுகிறார்கள் என்று இருந்தேன்.

வெளியே வந்தோம். மரங்களுக்கு நடுவே எங்கேயோ ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் பேசிக்கொண்டே, தேடாமல், தலையை நேராக இடப்பக்கம் திருப்பிக் கையை நீட்டினார். அங்கேதான் ஆட்டோ இருந்தது.

"அந்தப் பக்கம்னு எப்படிங்க தெரிஞ்சுது?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"சத்தம் அங்கிருந்துதானே வந்துச்சு."