நாற்பத்தைந்து வயது மார்க்கரோடு கோயமுத்தூருக்கு

தலைக்கு மேல் போகும் பந்தைத் துரத்தும்போது புது மார்க்கர் முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடினான். கோர்ட்டில் நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

போன மாசியில் பல்லடத்திலிருந்து அப்பாவோடு போயிருந்தேன். கோயமுத்தூரில் ஒரு கிளப்பில் அப்பா மார்க்கர்; அதாவது, மெம்பர்களோடு சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுகிறவர். காய்ச்சல் வந்து நான்கு மாதம் ஊரில் தங்கிவிட்டார். அதற்குள் இருபத்திரண்டு வயது ஆள் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். அப்பாவுக்கு நாற்பத்தைந்து. இருவரும் ஆடுங்கள், ஜெயிக்கிறவருக்கு வேலை என்று கடிதம் வந்தது. வழியில் மயங்கிவிடுவாரோ என்று பயந்த அம்மா, என்னையும் ஒரு போசி நிறைய உப்புப் போட்ட நீராகாரத்தையும் கூட அனுப்பினாள்.

காலை ஆறு மணி பஸ். இருபத்திரண்டு மைல், ஆளுக்கு ஏழணா. சூலூர் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம்.

"ஏனுங்க, இந்த வயசுல பந்தடிக்கவா போறீங்க?" என்று டிரைவர் சிரித்தார்.

"உங்க வண்டிக்கு எத்தனை வயசுங்க?"

"ஏழுங்க."

"இப்ப அதைத் தள்ளறது யாருங்க?" என்றார் அப்பா.

எட்டரைக்கு இறங்கினோம். கிளப் ஒன்றரை மைல். நடந்தால் கால் சூடேறும் என்று அப்பா ஜட்கா வேண்டாம் என்றார். ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் கிழக்கு வேலியோரம் நில்லுங்கள். காலை வெயில் முதுகுக்குப் போய்விடும். பெண்களுக்கு நாற்காலி கிடையாது.

முதல் செட் ஆறுக்கு இரண்டில் போயிற்று. அப்பாவுக்கு மூச்சு இரைத்தது. போசியை நீட்டினேன்.

"அப்பா, பின்னால போறப்ப அவன் முதுகைத் திருப்பறானுங்க."

"பார்த்தேன் கண்ணு. பாவம், அவன் கவலை ஓட்டினவன் இல்லை."

காய்ச்சல் விட்டதிலிருந்து தினமும் எங்கள் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை, அதாவது தோல்சால், இறைத்தவர் அப்பா. மாடு சரிவில் இறங்கினால் தண்ணீர் மேலே வரும். மறுபடி ஏறும்போது மாடு பின்பக்கமாகவே நடக்கும், ஓட்டுகிறவரும் அப்படித்தான். ஒரு காலைக்கு நூறு நடை. கால் பார்க்காமலே வழி கண்டுகொள்ளும்.

அப்பா பந்தை உயரத் தூக்க ஆரம்பித்தார். அவன் திரும்பி ஓடி, பந்தைத் தேடி, தடுமாறினான். பதிலுக்கு அவன் தூக்கியபோது அப்பா பந்திலிருந்து கண்ணெடுக்காமல், சின்னச் சின்ன அடியாகப் பின்னால் போய் ஓங்கி அடித்தார். இரண்டாவது செட் ஆறுக்கு நான்கு, மூன்றாவது ஏழுக்கு ஐந்து. இரண்டும் அப்பாவுக்கு.

வயதாகிறவர்கள் ஓடுவதைவிடப் பின்னால் நடக்கப் பழகலாம் என்று தோன்றியது.

கிளப் செக்ரட்டரி வந்தார். "இந்த வருஷம் சரிப்பா. அடுத்த வருஷம் நாற்பத்தாறு ஆகுமே?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியாரிடம் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்; அன்று ஒட்டவில்லை.

"அடுத்த வருஷமும் ஆடுவாருங்க. தேதி சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, மாசி முதல் சனிக்கிழமை என்றார். அவரிடமே பென்சிலை வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.