இரண்டு வேலை நாள்

வெர்னா டில்மனின் மேசையில் எந்தக் காகிதமும் மறுநாள்வரை கிடந்ததில்லை. அலபாமாவில் பெல்ஃபோர்ட் கல்லூரியின் விளையாட்டுத் துறையில் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் அவளுடையது. இருபத்தாறு வருடம். வந்ததை அப்போதே முடித்து அனுப்பிவிடுவாள்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. முன்பெல்லாம் ஓர் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரன் வேறு கல்லூரிக்குப் போக வேண்டுமானால் கோச் கையெழுத்துப் போட்டு விடுவிக்க வேண்டும். வெல்டன் என்று ஒரு பையன். மொபீல் நகரத்தில் அவன் அப்பா படுக்கையில் கிடந்தார். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரிக்கு மாறிக்கொள்கிறேன் என்று பிப்ரவரியில் எழுதிக் கொடுத்தான். கோச் அதை இழுப்பறையில் போட்டு வைத்தார். வெர்னா வாரா வாரம் போய்க் கேட்டாள். அப்பா மே மாதம் இறந்துபோனார். கையெழுத்து ஜூனில் வந்தது.

பிறகு விதி மாறியது. பையன் இரண்டு வரி எழுதினால் போதும். இரண்டு வேலை நாளுக்குள் அவன் பெயரை அலுவலகம் போர்ட்டல் என்கிற இணையப் பட்டியலில் ஏற்றியாக வேண்டும். ஏறியதும் நாட்டின் எல்லாக் கல்லூரிகளுக்கும் அது தெரியும். யார் வேண்டுமானாலும் அவனை அழைக்கலாம். கோச் தடுக்க முடியாது. அந்தச் செய்தி வந்த அன்று வெர்னா வீட்டில் புருஷனிடம் சொன்னாள்: "இனிமே ஒரு பையன் காகிதமும் என் மேசையில தூங்காது, கிளிஃப்டன்."

"நீ தூங்க விட்டாத்தானே? ஞாயித்துக்கிழமை என்னையே ஆறு மணிக்கு எழுப்பி விடறவ" என்றான் கிளிஃப்டன்.

இரண்டு நாள் அவகாசத்தை அவள் ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. கடிதம் வந்து அரை மணி நேரத்தில் பெயர் ஏறிவிடும். அதில் அவளுக்குப் பெருமை இருந்தது.

அப்புறம் பணம் வந்தது. ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரியே சம்பளம் கொடுக்கலாம் என்றானது. பெரிய பல்கலைக்கழகங்கள் சின்னக் கல்லூரிகளில் வளர்ந்த பையன்களை விலை பேசின. ஒவ்வொரு பையனுக்கும் ஓர் ஏஜென்ட் முளைத்தான். ஏஜென்ட் ஆவதற்குப் பரீட்சையும் இல்லை, உரிமமும் இல்லை. ஒரு போன் இருந்தால் போதும். ஜனவரியில் இரண்டு வாரம் போர்ட்டல் திறந்திருக்கும். அந்த இரண்டு வாரம் வெர்னா மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துச் சாப்பிடுவாள்.

கோர்டெல் மேஸ் அந்தக் கல்லூரியில் மூன்றாம் வருடம். பந்தைத் தொடவே தொடாமல், பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் சுவராக நிற்கிற வேலை அவனுக்கு. கட்டடக் கட்டுமானம் படித்தான். பட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. சனிக்கிழமை ஆட்டங்களின்போது ஆட்டக்காரர்களின் குடும்பத்துக்கு ஜன்னலில் டிக்கெட் கொடுப்பதும் வெர்னாதான். கோர்டெலின் அம்மா லவோன் வடக்கே ஒரு கோழி இறைச்சி ஆலையில் வேலை முடித்து, மூன்று மணி நேரம் கார் ஓட்டி வருவாள். கையில் அலுமினியத் தாளில் சுற்றிய பவுண்டு கேக் இருக்கும்.

"டிக்கெட்டக் குடுங்க, கேக்கப் பிடிங்க. இந்த டிவிக்காரனுங்க என் பிள்ளை மூஞ்சிய ஒரு நாளாவது காட்டறானுங்களா பாருங்க, மிஸ் வெர்னா. முதுகுதான் தெரியுது."

"முதுகே ரெண்டு ஆள் அகலம் இருக்கு, லவோன். பேர் நல்லாத் தெரியுதில்ல?"

"மூஞ்சி என்னை மாதிரிங்க. அதக் காட்டாம முதுகக் காட்டினா என்ன பிரயோசனம்?"

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் கோர்டெலின் மின்னஞ்சல் வந்தது. இரண்டு வரி. வெர்னாவுக்குக் கொஞ்சம் மனசு சங்கடப்பட்டது. ஆனால் போ என்றோ இரு என்றோ சொல்ல அவளுக்கு உரிமை இல்லை, அதுவும் விதி. பதினொன்று நாற்பத்தெட்டுக்குப் பெயரை ஏற்றினாள். பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

"போட்டுட்டேன் கண்ணு."



"அதுக்குள்ளயாங்க?"

"நம்ம ஆபீஸ்ல அப்படித்தான். எங்க போனாலும் நல்லா இரு."

"ரொம்ப நன்றிங்க, மிஸ் வெர்னா."

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் சாவியோடு வந்தபோது கதவுக் கண்ணாடியில் முதுகைச் சாய்த்து அவன் நின்றிருந்தான். உள்ளே வரும்படி சொன்னாள். நாற்காலி சிறியது என்று அவன் உட்காரவில்லை.

"பேர எடுத்துரலாங்களா?"

"என்னாச்சு?"

"நாலு மணிக்குள்ள பேர் ஏறலைன்னா இடம் போயிரும்னு அந்த ஏஜென்ட் சொன்னாருங்க. டென்னஸியில பெரிய இடம். எல்லாம் பேசி முடிச்சாச்சு, எழுதிப் போடுன்னாரு. சாயங்காலம் அவங்க ஒஹையோலேர்ந்து வேற ஒருத்தன எடுத்துக்கிட்டாங்க. இப்ப போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறாரு."

"யாருடா அந்த ஆளு?"

"போன வருஷம் வரைக்கும் பழைய கார் வித்துட்டு இருந்தாருங்க. எங்க சித்தப்பாவுக்கு ஒரு டிரக் வித்திருக்காரு."

"அந்த டிரக் ஓடுதா?"

வெர்னா கணினியில் பெயரைத் திரும்ப எடுத்தாள். அதற்கு ஒரு நிமிடம்தான் ஆனது. "எடுத்துட்டேன். ஆனா திருப்பிச் சேத்துக்கறது கோச் கையில. ஓடு, இப்பவே போய்ப் பாரு."

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். முந்தைய நாள் பெயர் ஏறியதைப் பார்த்த பத்தாவது நிமிடமே கோச் ஜார்ஜியாவில் காத்திருந்த இன்னொரு பையனைக் கூப்பிட்டு, கோர்டெலின் இடத்தையும் சம்பளத்தையும் பேசி முடித்துவிட்டார். அணி அப்போதே போயிற்று, சம்பளமும் போயிற்று. உதவித்தொகை மட்டும் மே மாதம் பருவம் முடியும்வரை வரும்.

அன்று மதியம் வெர்னா சாப்பிடவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து, தனக்கு மனப்பாடமான பக்கத்தைத் திறந்து பார்த்தாள். இரண்டு வேலை நாள். வியாழக்கிழமைவரை நேரம் இருந்திருக்கிறது.

மறுநாள் லவோன் கூப்பிட்டாள். பின்னால் ஆலையின் இரைச்சல் கேட்டது.

"அவன் சின்னப் பையங்க. அந்த கார் வித்தவன் பேச்சக் கேட்டு எழுதிட்டான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் யோசிச்சிருக்கக் கூடாதா, மிஸ் வெர்னா? நான் அவனத்தான் திட்டறேன். நீங்க அங்க இருக்கீங்கன்னு தைரியமா இருந்தேன். நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க, பாவம். உங்க கையில என்ன இருக்கு?"

"ஆமா, லவோன்" என்றாள் வெர்னா. வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்லவில்லை.

அவன் வேறு இடம் தேடினான். மிஸிஸிப்பியில் ஒரு சின்னக் கல்லூரி வா என்றது. பணம் கிடையாது, படித்த பாடங்களில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வோம் என்றது. போனால் இன்னும் இரண்டு வருடம் கைக்காசு போட்டுப் படிக்க வேண்டும். அவன் போகவில்லை. வகுப்புக்கு மட்டும் வந்தான். ஆட்டக்காரர்களின் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் அட்டை வேலை செய்யவில்லை. வெர்னா தன் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். நடைபாதையில் காகிதப் பையிலிருந்து பிஸ்கட்டும் சாசேஜும் தின்றுகொண்டே போவான். அவளைக் கண்டால் பையைக் கீழே இறக்கி, தலையசைத்து வணக்கம் சொல்வான். பிப்ரவரியில் ஒரு நாள் வெளியே ஓடிப் போய்ச் சொல்லிவிட நினைத்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அவன் நூலகத்தைத் தாண்டியிருந்தான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மே மாதம், கடைசித் தேர்வு முடிந்த பிறகு, வெளியேறும் படிவத்தில் கையெழுத்துப் போட வந்தான். திங்கட்கிழமையிலிருந்து ஹன்ட்ஸ்வில்லில் கூரை போடும் வேலை.

"பணம் சேத்து அந்த ஒரு வருஷத்தையும் முடிச்சிரு, கண்ணு."

"பாக்கலாங்க."

அவன் குனிந்து கையெழுத்துப் போடும்போது அவள் சொன்னாள். "கோர்டெல், அன்னைக்கு வியாழக்கிழமை வரைக்கும் எனக்கு டைம் இருந்துச்சு. நான் அப்படியே வச்சிருந்திருக்கலாம். நீ புதன்கிழமை காலையில வந்தப்போ ஒண்ணும் ஆகியிருக்காது. நான்தான் அவசரப்பட்டுப் போட்டேன்."

பேனா நின்றது. பிறகு மிச்சப் பெயரையும் எழுதி முடித்தான்.

"தெரியுங்க."

"எப்பத் தெரியும்?"

"மார்ச்ல. விதிப் புத்தகம் நெட்ல இருக்குதுங்க. எனக்கு வேற என்ன வேலை இருந்துச்சு?"

"அம்மாவுக்கு?"

"சொல்லல. சொன்னா உங்களுக்குக் கேக் வராதே."

அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை. கதவுவரை போனவன் திரும்பினான்.

"வேற யாராவது என்ன மாதிரி மறுநாளே வந்து நின்னிருக்காங்களா, மிஸ் வெர்னா? சும்மாத்தான் கேக்கறேன். நான் ஒருத்தன்தான் இவ்வளவு முட்டாளான்னு."

"எனக்கு ஞாபகமில்ல கண்ணு" என்றாள். அது உண்மைதான்.

அவன் போன பிறகு பழைய மின்னஞ்சல்களில் தேடினாள். ஏழு வருடத்து ஜனவரி மாதங்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். அம்மா வேண்டாம் என்கிறார். என் கடிதத்தை ஏற்ற வேண்டாம். இன்னும் ஏற்றவில்லை என்றால் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள், எல்லோரும் இரண்டு நாளுக்குள். ஒன்பது பேருக்கும் அவள் அன்றன்றே பதில் அனுப்பியிருந்தாள். எல்லாம் ஒரே பதில்.

உங்கள் பெயர் ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டது. வாழ்த்துகள்.